ஐந்து சத முத்திரையும் மட்டக்களப்பும்

விக்டோரியா மகாராணியாரின் சிரசைத் தாங்கி 1857ஆம் ஆண்டில் இலங்கையின் முதல் தபால் முத்திரை வெளிவந்த நாள் தொட்டு, பெயர் சொல்லத்தக்க மனித முகம் என்றால் அரச பரம்பரையாரின் முகத்தையே நாவால் நனைத்து ஒட்டிப் பழகியிருந்த நம் நாட்டார், சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவான 1949 பெப்ரவரி 4ஆம் திகதி, ஐந்து சதத்துக்கு வேறொரு முகத்தைக் கண்டனர். அடர்ந்த மீசையுடைய அம்முகம் பிரதம மந்திரி டி. எஸ். சேனநாயக்காவினுடையது. மாண்டபின் மாலை சூட்டுவதே உலக வழக்கமாயிருக்க, பதவியில் அமர்ந்திருப்பவருக்கே இக்கௌரவம் அளித்தது சற்று அவசரமென்றே எனக்குத் தோன்றுகிறது.

மட்டக்களப்பு வாவிக்கரையாருக்கு அம்முகம் அந்நியமானதன்று. பட்டிப்பளையாறு என்று நம்மவர் வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் பெருந்திட்டத்துக்கென அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டதும் அதே 1949இல்தான். அணைக்குள் தேங்கிய நீர்ப்பரப்புக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்றே பெயராயிற்று. அந்நீர் வயலுக்கு வளம் சேர்த்தது மெய்; அதனோடு வந்த குடியேற்றம் மாவட்டத்தின் சனத்தொகையையே மாற்றியதும், 1956இல் அங்கே இரத்தம் சிந்தியதும், 1961இல் தென்பாகம் அம்பாறை எனப் பிரிந்ததும் அவ்வளவே மெய்.

ஆயினும், அதே நாளில் வெளிவந்த நான்கு சத முத்திரையே நமக்கு இன்னும் நெருங்கியது. அதில் இருந்தது சிங்கக்கொடி. செந்நிறத் துணியில் வாளேந்திய மஞ்சட் சிங்கம் பொறித்த அக்கொடி, தென்னாட்டு நாயக்கர் வமிசத்தவனாகிய கடைசிக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடையது. அதனையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்கவேண்டுமென 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் கண்டிப் பிரபுவோ கொழும்புக் கனவானோ அல்லர். மட்டக்களப்புத் தொகுதியின் அங்கத்தவரான முதலியார் ஏ. சின்னலெப்பை. தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர் தமிழ் பேசும் தொகுதியின் பிரதிநிதியாய் நின்று இதைச் செய்தாரென்பதைக் கொடியைப் போற்றுவோரும் சொல்வதில்லை, தூற்றுவோரும் சொல்வதில்லை. சொன்னால் இருசாராரின் வாதத்திலும் ஒரு முடிச்சு விழுந்துவிடும்.

பிரேரணையின்பின் எழுந்த தர்க்கத்தைத் தீர்க்கப் பண்டாரநாயக்காவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தமிழருக்கெனச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்கெனப் பச்சையுமாக இரு பட்டைகளைச் சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே நிறுத்த அக்குழு சிபாரிசு செய்தது. அதில் அங்கம் வகித்த செனட்டர் நடேசன், இவ்வமைப்பு தேசிய ஐக்கியத்தின் சின்னமாகாதென்று கருதித் தனித்து நின்றார். 1951இல் பாராளுமன்றம் பட்டைகளோடு கூடிய கொடியை ஏற்றுக்கொண்டது. நான்கு சத முத்திரையில் இருந்த கொடி, இரண்டே வருஷங்களில் பழையதாயிற்று.