முதலியார்

முதலியார்: தமிழ்ப் பட்டப்பெயர். 'முதல்' என்ற சொல்லிலிருந்து 'முதலி', அதன்மேல் மரியாதை விகுதியான 'ஆர்'. முன்நிற்பவர், தலைவர் என்பது பொருள். சாதியைக் குறிக்கும் முன்பே இது பெருமையைக் குறித்தது. தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரையும் சைவர்கள் 'மூவர் முதலிகள்' என்பார்கள். இராமானுசரின் சீடரும் மருமகனுமான தாசரதிக்கு வைணவர் வைத்த பெயர் முதலியாண்டான். இவ்விரு வழக்குகளிலும் குலத்துக்கு இடமில்லை.

பதவிப் பெயர் குடும்பப் பெயராவது தமிழுக்கு மட்டும் உரியதல்ல. அரசனின் உடனிருப்பவனைக் குறித்த 'கோமெஸ்' என்ற இலத்தீன் சொல் பிரபுப் பட்டமாகி, இத்தாலியில் 'கோந்தி' என்னும் குடும்பப் பெயராக நிலைத்தது. 15ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தையும் மயிலாப்பூரையும் பார்த்துச் சென்ற பயணி நிக்கோலோ தெ கோந்தி அப்பெயரைக் கொண்டவர்.

முதலியார் பட்டத்தைத் தொண்டை மண்டல வேளாளர், அகமுடையார், செங்குந்தர் எனப் பல சமூகத்தார் தரித்தனர். அதனால்தான் 'முதலியார்' என்று சொன்னவரிடம் 'எந்த முதலியார்?' என்ற அடுத்த கேள்வி எழும். ஒரே பட்டம் ஒரே உறவாகிவிடவில்லை.

காஞ்சிபுரத்தில் இப்பெயர் தறியோடு சேர்ந்தது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வாழும் செங்குந்தர்களின் பழைய பெயர் கைக்கோளர். சோழர் கல்வெட்டுகளில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்று படைப்பிரிவுகளின் பெயராகவே அது வருகிறது. நெசவும் போரும் ஒரே சமூகத்தின் நினைவில் இருப்பது இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. சோழர் அவைப்புலவர் ஒட்டக்கூத்தரைச் செங்குந்தர் தம்மவர் என்றே போற்றுகின்றனர்.

பட்டம் தாங்கியோர் பலர். மதுரை நாயக்கர்களின் தளவாய் அரியநாத முதலியார் தொண்டை மண்டலத்தவர். மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபம் அவர் பெயரோடு சேர்ந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் கிறிஸ்தவர். பச்சையப்ப முதலியார் (1754-1794) விட்டுச்சென்ற அறக்கொடை கல்விக்கூடங்களாக வளர்ந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி நாடக மேடைக்கு மதிப்புத் தேடித்தந்தார். 1887இல் பிறந்த இரட்டையரில் ஆற்காடு இராமசாமி முதலியார் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர். இலட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தர்.

இலங்கையில் பெயரின் போக்கு வேறு. அங்கே போர்த்துக்கீசர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் காலத்தில் 'முதலியார்' அரசுப் பதவி. சிங்களரும் அதை வகித்தனர். சாலமன் பண்டாரநாயக்கா பிரதமரானார். அதே பெயருடைய அவர் தந்தை மகா முதலியார். யாழ்ப்பாண வரலாறு எழுதிய செ. இராசநாயகமும் முதலியாரே.

1860இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரையிறங்கிய இந்தியக் கரும்புத் தோட்டத் தொழிலாளருக்குப் பின் வந்த தலைமுறைகளில், 'முதலி' ஆங்கில எழுத்தில் 'மூட்லி' ஆனது. நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவுடன் தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பில் பணியாற்றி, ராபன் தீவுச் சிறையில் கிடந்த ஸ்ட்ரினி மூட்லி (1946-2006) அப்பெயரினர். தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் முழுமையான குடும்பப் பெயராக அது அங்கே ஆனது.

தாயகத்தில் நடந்தது நேர்மாறு. 1925இல் காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் திரு.வி. கலியாணசுந்தர முதலியார். வகுப்புரிமைத் தீர்மானம் அங்கே ஏற்கப்படாததால் பெரியார் வெளியேறினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. திரு.வி.க.வே பின்னாளில் கலியாணசுந்தரனார் என்று அறியப்பட்டார்.

காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் 1909 செப்டம்பர் 15இல் பிறந்த அண்ணாதுரையும் பட்டத்தைப் போட்டுக்கொள்ளவில்லை. சி.என். அண்ணாதுரை என்றே கையெழுத்திட்டார். 'என்' தந்தை நடராசன். 'சி' என்பது ஆங்கிலேயர் வழக்கில் கான்ஜீவரமாகிய காஞ்சிபுரம்.