திலீப் குமார்: இரங்கல் குறிப்புகள் சொல்லாமல் விட்டது

2021 ஜூலை 7 அன்று மும்பையில் திலீப் குமார் இறந்தபோது அவருக்கு வயது 98. அன்று முழுவதும் தொலைக்காட்சிகளில் 'தேவதாஸ்' ஓடியது, 'முகல்-ஏ-ஆசம்' ஓடியது. சோக நாயகன், இந்திய நடிப்பின் பல்கலைக்கழகம் என்றெல்லாம் புகழ்ந்தார்கள். மதுபாலாவுடனான காதலையும் சாய்ரா பானுவுடனான திருமணத்தையும் மறுபடி மறுபடி சொன்னார்கள். எல்லாம் சரிதான். ஆனால் மகாராஷ்டிரத்தின் முஸ்லிம் நெசவாளர்களும் இறைச்சி வெட்டுவோரும் பஞ்சு அடிப்பவர்களும் அவரை வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எழுபதை நெருங்கிய வயதில் அவர் முஸ்லிம் சமூகத்துக்குள் இருக்கும் சாதியைப் பற்றிப் பேச மேடை ஏறினார். பெரும்பாலான இரங்கல் குறிப்புகளில் இந்தச் செய்தி ஒரு வரியாகக்கூட இல்லை. சாதி ஒழிப்பைப் பேசும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய திலீப் குமார் இவர்தான்.

யூசுஃப் கான் எப்படி திலீப் குமார் ஆனார்?

1922 டிசம்பர் 11 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி பஜார் பகுதியில் பிறந்தவர் யூசுஃப் கான். அப்பா குலாம் சர்வார் கான் பழ வியாபாரி. வியாபாரத்துக்காகக் குடும்பம் மேற்கிந்தியாவுக்கு வந்தது. நாசிக் அருகே தேவ்லாலியில் யூசுஃப் பள்ளியில் படித்தார். அப்பாவோடு மனத்தாங்கல் ஏற்பட்டு வீட்டை விட்டுப் போய், புனேயில் ராணுவத்தினருக்கான மன்றமொன்றின் கேன்டீனில் வேலை பார்த்து, சாண்ட்விச் விற்றுச் சம்பாதித்தார். பிறகு பம்பாய் திரும்பியபோது, தெரிந்த ஒருவர் மூலமாக மலாடில் இருந்த பம்பாய் டாக்கீஸ் ஸ்டூடியோவுக்குப் போனார். அதை அப்போது நடத்திவந்தவர் நடிகை தேவிகா ராணி. மாதம் 1,250 ரூபாய் சம்பளத்தில் நடிகராகச் சேர்த்துக்கொண்டார். கூடவே பெயரையும் மாற்றச் சொன்னார்.

சினிமாவைக் கூத்தாடித் தொழிலாகப் பார்த்த அப்பாவின் கோபத்துக்கு யூசுஃபும் பயந்திருந்தார். 1944இல் வெளியான 'ஜ்வார் பாட்டா' படத்தில் திலீப் குமார் பிறந்தார். மும்தாஜ் ஜெஹான் மதுபாலா ஆனார், மஹ்ஜபீன் பானு மீனா குமாரி ஆனார். திரைக்கு வந்த பல முஸ்லிம் கலைஞர்கள் இப்படிப் புதுப்பெயரோடுதான் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தார்கள். வாடகைக்கு வீடு தேடும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் பெயரையும் ஊரையும் பற்றி யோசிக்க வேண்டியிருப்பவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அதே பம்பாய் டாக்கீஸ்தான் எட்டு ஆண்டுகளுக்கு முன், 1936இல், 'அச்சூத் கன்யா' எடுத்திருந்தது. ரயில்வே கேட் காப்பாளரின் மகளான தீண்டப்படாத பெண்ணுக்கும் பார்ப்பனப் பையனுக்கும் காதல். அந்தப் பெண்ணாக நடித்தவர் தாகூரின் உறவினரான தேவிகா ராணி. முடிவில் ரயிலை நிறுத்தப் போய் அவள் செத்துப்போகிறாள். சாதியைப் பற்றிப் பேச இந்தி சினிமா அன்றே துணிந்தது என்பது உண்மை. பேசி முடித்ததும் ஒடுக்கப்பட்ட பெண்ணின் சாவைக் காட்டிப் பார்வையாளரை அழவைத்து அனுப்பியது என்பதும் உண்மை.

திரையில் ஏழை இருந்தான், சாதி எங்கே?

1950கள் திலீப் குமாரின் பத்தாண்டுகள். குரலைத் தாழ்த்தி, இடைவெளி விட்டுப் பேசும் அந்த நடிப்பு, மேடை நாடகத்தின் உரத்த பாணியிலிருந்து இந்தி சினிமாவை விலக்கிக் கொண்டுவந்தது. 1954இல் ஃபிலிம்ஃபேர் விருதுகள் தொடங்கியபோது சிறந்த நடிகருக்கான முதல் விருது 'தாக்' படத்துக்காக அவருக்குத்தான் கிடைத்தது. நமக்கும் அவர் தொலைவில் இருந்தவரல்ல. நம்மூர் 'மலைக்கள்ளன்' இந்தியில் 'ஆசாத்' ஆனபோது (1955) எம்.ஜி.ஆர். ஏற்ற பாத்திரத்தில் நடித்தவர் அவர். 'நயா தௌர்' தமிழில் 'பாட்டாளியின் சபதம்' என்று மொழிமாற்றம் செய்யப்பட்டு வந்தது.

அந்த 'நயா தௌர்' (1957) படத்தில் அவர் குதிரை வண்டிக்காரர். முதலாளியின் மகன் ஊருக்கு இயந்திரமும் பேருந்தும் கொண்டுவர, பிழைப்பு போகும் உழைப்பாளிகள் ஒன்றுகூடிச் சாலை போடுகிறார்கள். அவரே தயாரித்த 'கங்கா ஜமுனா'வில் (1961) ஜமீன்தார் சுமத்திய பொய் வழக்கால் கொள்ளைக்காரனாக மாறும் கிராமத்து ஏழை. வசனம் பட்டணத்து உருதுவில் இல்லை, கிராமத்து அவதியில் இருந்தது. 'சகினா மஹாத்தோ'வில் (1970) மலைப்பகுதித் தொழிலாளர் தலைவர். வெள்ளை முதலாளியை எதிர்த்து நின்றவனுக்குப் பதவி கொடுத்து, அந்தப் பதவியாலேயே அவனைச் சொந்த மக்களிடமிருந்து பிரிக்கிறார்கள். இயக்கங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் தேடிப் பார்க்க வேண்டிய படம் இது.

இந்தக் கதைகளில் வர்க்கம் பளிச்சென்று தெரிகிறது. சாதி ஓரத்தில் நிற்கிறது, அல்லது நிற்கவே இல்லை. ஒரு கிராமம் திரண்டு சாலை போடுகிறது என்றால் சேரியும் ஊரும் சேர்ந்தா போட்டன? ஒரே பானையிலா தண்ணீர் குடித்தார்கள்? படம் இதைக் கேட்கவில்லை. 'தேவதாஸ்' (1955) இன்னும் தெளிவான சான்று. பார்வதியை மணமுடிக்க முடியாமல் போனது விதியால் அல்ல. பெண்ணுக்குப் பணம் வாங்கும் வழக்கமுள்ள தாழ்ந்த குடும்பம் என்று ஜமீன் வீடு அவளை ஒதுக்கியதுதான் சரத் சந்திரரின் கதையில் காரணம். ஒரே சாதிக்குள்ளேயே படிநிலை. ஆனால் தேவதாஸின் குடிதான் எல்லோர் நினைவிலும் நின்றது, அந்தக் காரணம் நிற்கவில்லை.

திரைக்கு வெளியே

பயிற்சி வகுப்புகளில் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: இஸ்லாத்தில்தான் சாதி இல்லையே? மார்க்கத்தில் இல்லை என்பது வேறு, இந்தியச் சமூகத்தில் இல்லை என்பது வேறு. சையத், ஷேக், பட்டாணியர் போன்றோர் தங்களை அஷ்ராஃப், அதாவது மேன்மக்கள் என்பார்கள். நெய்பவர், இறைச்சி வெட்டுபவர், பஞ்சு அடிப்பவர் போன்ற உழைக்கும் சாதியினர் அஜ்லாஃப். அவர்களுக்கும் கீழே, கழிவகற்றும் வேலையில் தள்ளப்பட்டோர் அர்ஜால். மணஉறவில் மட்டுமல்ல, சில இடங்களில் இடுகாட்டிலும் இந்தப் பிரிவினை தெரியும்.

1990 ஆகஸ்டில் வி.பி. சிங் அரசு மண்டல் பரிந்துரையை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. பல முஸ்லிம் சாதிகளையும் மண்டல் அறிக்கை பிற்படுத்தப்பட்டோராகக் கணக்கில் எடுத்திருந்தது. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, கையில் சான்றிதழ் கிடைப்பது வேறு. தமிழ்நாட்டில் லப்பைகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பது நமக்குப் பழகிய செய்தி. மகாராஷ்டிரத்தில் அதற்குப் போராட வேண்டியிருந்தது. ஜால்னாவைச் சேர்ந்த ஷப்பீர் அன்சாரி முஸ்லிம் பிற்படுத்தப்பட்டோருக்காக அமைப்பு கட்டி ஊர் ஊராகப் போனார். அவர்தான் திலீப் குமாரை இந்த இயக்கத்துக்குள் அழைத்து வந்தார்.

திலீப் குமார் பட்டாணியராக அறியப்பட்டவர். இடஒதுக்கீட்டால் அவருக்கு ஆகப்போவது எதுவுமில்லை. சமூகத்தைப் பிளக்கிறார்கள் என்று மேல்தட்டினரும் மதத் தலைவர்கள் சிலரும் குற்றம்சாட்டிய காலம் அது. இருந்தும் ஔரங்காபாத் உள்ளிட்ட ஊர்களில் கூட்டங்களில் கலந்துகொண்டார். இது மதத்துக்கான சலுகை அல்ல, தொழிலாலும் பிறப்பாலும் பின்தள்ளப்பட்டோரின் உரிமை என்ற இயக்கத்தின் வாதத்தை ஆட்சியாளர்களிடமும் கொண்டுபோனார். 1994 டிசம்பரில் சரத் பவார் தலைமையிலான மகாராஷ்டிர அரசு, முஸ்லிம் பிற்படுத்தப்பட்ட சாதிகளுக்கு இடஒதுக்கீட்டின் பலன் கிடைக்க வழிசெய்யும் அரசாணையை வெளியிட்டது.

இடையில்தான் 1992–93 பம்பாய் கலவரம். பாதிக்கப்பட்டோருக்கான நிவாரணப் பணியில் அவர் இறங்கினார். 1998இல் பாகிஸ்தான் அரசு அவருக்கு நிஷான்-ஏ-இம்தியாஸ் விருது கொடுத்தபோது, அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சிவசேனா அவரது தேசப்பற்றையே சந்தேகித்தது. அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. வெளியே முஸ்லிம் என்பதற்காகத் தாக்கப்பட்டவர், உள்ளே சாதியைப் பேசத் தயங்கவில்லை. வெளியிலிருந்து தாக்குதல் வரும்போது உள்முரண்பாடுகளைப் பேசக் கூடாது என்று எல்லாச் சமூகங்களிலும் ஒரு குரல் எழும். பெண்கள் கேள்வி கேட்கும்போது நம் இயக்கங்களுக்குள்ளேயும் அந்தக் குரல் எழுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அந்த அரசாணையை வாங்கித் தந்தவர் ஒரு நட்சத்திரம் என்று எழுதினால் அது வரலாற்றுப் பிழை. பல ஆண்டுகள் பேருந்தில் அலைந்து கூட்டம் போட்ட அன்சாரிகளும் குரேஷிகளும் மன்சூரிகளும்தான் அதை வென்றார்கள். திலீப் குமார் செய்தது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த இயக்கத்தின் மேடையில், அழைத்தபோது வந்து உட்கார்ந்தது. சினிமாவில் நாயகன் வந்துதான் ஊரைக் காப்பாற்றுவான். இங்கே ஊர் தன் வேலையைச் செய்தது, நாயகன் தன் புகழைக் கடனாகக் கொடுத்தார். ஆதரவாளர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் இவ்வளவுதான், இதற்குக் குறையாமல்.

வேலை இன்னும் மீதியிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதி என்ற தகுதியை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. தலித் முஸ்லிம்களும் தலித் கிறித்தவர்களும் வெளியேதான் நிறுத்தப்பட்டார்கள். அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. 2022இல் இதே கேள்வியை ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். உங்கள் கல்லூரியில் அடுத்த முறை திலீப் குமார் படம் திரையிட்டால், படம் முடிந்ததும் இந்த மூன்றாம் பத்தியைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள்.