மூன்று நாள் வந்தவருக்கு இடம், மூன்று தலைமுறை உழைத்தவருக்கு?

2011 அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றே நீளமான தடத்தில் 60 சுற்றுகள். வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனும் களத்தில் இருந்தார். கோப்பையை வழங்கியவர் உத்தரப் பிரதேச முதல்வர் மாயாவதி.

தடத்தின் பெயர் புத் சர்வதேச சர்க்யூட். 1997-ல் மாயாவதி அரசு உருவாக்கிய கௌதம புத்த நகர் மாவட்டத்தில் அது இருக்கிறது. உலகப் பணக்காரர்களின் விளையாட்டு மேடையில் ஒரு தலித் பெண் முதல்வராக நின்ற காட்சி நமக்குச் சாதாரணமானதல்ல. ஆனால் அந்த மேடைக்குக் கீழே இருந்த நிலத்தைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும்.

யமுனை விரைவுச்சாலையும் அதையொட்டிய நிலங்களும் ஜேபி குழுமத்திடம் போயின. கூடுதல் இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடினார்கள். 2011 மே மாதம் அதே மாவட்டத்தின் பட்டா பர்சோல் கிராமத்தில் காவலர்கள், விவசாயிகள் என இரு தரப்பிலும் உயிர்கள் போயின. நாடே திரும்பிப் பார்த்தது.

ஆனால் விலை கேட்க முதலில் நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கில் நிலத்தில் உரிமை உள்ளவருக்கே இழப்பீடு. அதே வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்த கூலிக்காரர் அந்தக் கணக்கில் இல்லை. நிலம் யாரிடம், கூலி யாருக்கு என்பதைச் சாதி தீர்மானிக்கும் நாட்டில் இதன் பொருள் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என ஏற்ற புதிய சட்டம் 2014 ஜனவரி 1-ல்தான் அமலானது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, 2013 அக்டோபரில், அங்கே கடைசி ஃபார்முலா ஒன் பந்தயமும் ஓடி முடிந்திருந்தது.

2017-ல் வரி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், சில நாட்களே நடக்கும் பந்தயமானாலும் அந்தத் தடத்தில் ஃபார்முலா ஒன் நிறுவனத்துக்கு ‘நிலையான இடம்’ உண்டு, எனவே அது வரி கட்ட வேண்டும் என்றது. சரியான தீர்ப்பு. சில நாள் வந்துபோனவரின் இடத்தைச் சட்டத்தால் பார்க்க முடிகிறது. தலைமுறையாக உழைத்தவரின் இடத்தை அது பார்க்கவில்லை.

இன்று சட்டம் இருக்கிறது. ஆனால் கூலிக்காரர் மூன்றாண்டு உழைப்பை எந்தக் காகிதத்தில் காட்டுவார்? அடுத்த திட்டம் எந்த ஊருக்கு வந்தாலும், சமூகத் தாக்க மதிப்பீட்டுக் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நிலமில்லாதவர் பட்டியல் எங்கே?