கசெற்றில் இருந்து டிஸ்க்குக்கு: மடுவின் வீடியோக்கள்

2008 ஏப்ரலில், சண்டைக்கு நடுவில, மடு மாதா சிலையைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு போனார்கள். ஆகஸ்ட்டில் அது திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் வீடியோ கமரா என்றால் பெரும்பாலும் மினிடிவி கசெற்தான். ஒரு மணித்தியாலப் படம் டிஸ்க்கில் ஏற கிட்டத்தட்ட 13 ஜிபி பிடிக்கும். ஏத்தவும் அதே ஒரு மணித்தியாலம் வேணும். வேகம் குறைவுதான். ஆனால் எடிட்டிங் முடிந்த பிறகும் மூலக் கசெற் அலுமாரியில் கிடக்கும்.

2015 ஜனவரி 14, பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது காலம் மாறியிருந்தது. மெமரி காட்டைச் சில நிமிஷத்தில் கொப்பி பண்ணி, அழிச்சு, திரும்பவும் படம் எடுக்கலாம். செக்கனுக்கு 500 எம்பி அளவில் வாசிக்கிற எஸ்எஸ்டி இருந்தால் எடிட்டிங்கும் இழுபடாது. ஆனா அதின்ர விலை கூட, இடம் குறைவு. அடுத்த கலியாண வீடியோ வந்தால் பழைய திருவிழாவை அழிக்கத்தான் மனம் வரும். மூலமும் அதோட போச்சு.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்தன. அதனால எடிட்டிங்குக்கு ஒரு எஸ்எஸ்டி, சேமிப்புக்கு விலை குறைந்த ஹாட் டிஸ்க் இரண்டு வைத்திருங்கோ: ஒன்று மன்னாரில், மற்றது வேறு ஊரில்.