ஏடு பெயர்த்தலும் கோப்புப் பெயர்த்தலும்

ஓலைச்சுவடி சிதைவதற்கு முன் அதனைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவது நம் முன்னோர் வழக்கம். எழுதுவோர் கண் சோர்ந்தால் ஓரடி விடுபடும். ஓரெழுத்து மற்றோர் எழுத்தாகும். பாடவேறுபாடு என்று நாம் ஆராய்வனவற்றுள் ஒரு பகுதி அச்சோர்வின் விளைவே. கணினியில் படியெடுத்தால் இத்தொல்லை இல்லை என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய், எவ்விடத்தில் பொய்க்கிறது என்பதை இவ்வுரையில் காண விழைகிறேன். நான் கணினிப் பொறியாளன் அல்லன். சொற்களைத் தொகுத்தும் எண்ணியும் காலம் கழித்தவன். எனினும் என் தொகுப்பே இவ்வரலாற்றில் சிக்கிக்கொண்டதால் இதனைக் கற்க நேர்ந்தது.

2003ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த சஞ்சய் கெமாவத், ஹோவர்ட் கோபியோஃப், ஷுன்-டாக் லியுங் ஆகிய மூவர் தம் நிறுவனத்தின் கோப்பு முறைமையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெரிய கணினி ஒன்றை நம்பியிராமல், எளிய கணினிகள் பலவற்றில் தரவைப் பகிர்ந்து வைப்பதே அம்முறைமையின் அடிப்படை. கணினி பழுதாவதை அது விதிவிலக்காகக் கருதவில்லை. அன்றாட நிகழ்வாகவே கொண்டது. கோப்பு ஒவ்வொன்றும் 64 மெகாபைட் அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் பொதுவாக மூன்று படிகள் வெவ்வேறு கணினிகளில் இருக்கும். எந்தத் துண்டு எங்கே உள்ளது என்னும் அட்டவணையைத் தலைமைக் கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும்.

இக்கட்டுரையைப் பின்பற்றி டக் கட்டிங்கும் மைக் கஃபரெல்லாவும் தொடங்கிய பணி, 2006இல் ஹடூப் என்னும் பெயரில் தனித்திட்டமாயிற்று. கட்டிங்கின் மகன் தன் பொம்மை யானைக்கு இட்டு வழங்கிய பெயர் அது. கலைச்சொல் ஒன்றுக்காகக் குழுக்கள் பலமுறை கூடிப் பிரிவதைக் கண்டவன் என்ற முறையில், அக்குழந்தையின் விரைவை வியக்கிறேன்.

புதிய வீடு எழுந்துவிட்டது. பழைய வீட்டுப் பொருள்களைக் கொண்டு சேர்ப்பது எப்படி? முதல் இடர், சிறு கோப்புகளின் பெருக்கம். ஒரு பக்கத்திற்கு ஒரு கோப்பு என்று ஒரு நூலகம் சேர்த்து வைத்திருந்தால், ஒவ்வொன்றும் தலைமைக் கணினியின் நினைவகத்தில் தனித்தனி இடம் கேட்கும். பொருள் சிறிதாயினும் பெயர் பெயரே. ஆகவே இடம்பெயர்க்குமுன் அவற்றைக் கட்டுகளாகச் சேர்ப்பது வழக்கமாயிற்று.

இரண்டாம் இடர் இன்னும் கடியது: பெயர்க்கும்போதே தரவு மாறிக்கொண்டிருக்கும். 2011இல் ஃபேஸ்புக் நிறுவனம் தன் ஹடூப் தொகுதியிலிருந்த 30 பெட்டாபைட் தரவைப் புதிய தரவு மையத்திற்குக் கொண்டு சென்றது. பொறிகளையே பெயர்த்தெடுத்துக் கொண்டுபோகலாம் என்ற எண்ணமும் எழுந்தது. பணி நெடுநேரம் நின்றுவிடும் என்பதால் அது கைவிடப்பட்டது. முதலில் இருந்தவற்றையெல்லாம் மொத்தமாகப் படியெடுத்தனர். அதன்பின் மாறிய கோப்புகள் எவை என்று பதிவேடு ஒன்றில் குறித்து, அவற்றை மட்டும் மீண்டும் மீண்டும் அனுப்பினர். இறுதியில் புதிய பணிகளைச் சிறிது நேரம் நிறுத்தி, எஞ்சியவை வந்து சேர்ந்ததும் பயனரைப் புதிய இடத்திற்குத் திருப்பினர். ஆசிரியர் சொல்லச் சொல்ல முந்தைய பாடத்தையும் பெயர்த்தெழுதும் மாணவன் நிலையை இது ஒக்கும்.

படி பிழையற்றது என்பதற்குச் சான்று சரிபார்ப்புத் தொகை. கோப்பின் சிறு பகுதி ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எண் கணக்கிடப்படுகிறது; மூலத்தின் எண்ணும் படியின் எண்ணும் ஒத்தால் ஒரு பைட்டும் மாறவில்லை என்று கொள்ளலாம். ஓலை பெயர்த்தோர்க்குக் கிட்டாத பேறு இது.

ஆயின் பைட்டு வேறு, எழுத்து வேறு. 1990களில் நம் வட்டாரத்துத் தமிழ்க் கணினிப் பயனர் பலரும் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றத்தைக் கையாண்டோம். ஒன்றில் ககரம் நின்ற எண்ணில் மற்றொன்றில் வேறோர் எழுத்து நிற்கும். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோதும், 1999இல் சென்னையில் கூடியபோதும் இப்பன்மையே பெருங்கவலையாக இருந்தது. ஒருங்குறி பரவிய பின் புதியன சீர்ப்பட்டன. பழையன அப்படியே கிடந்தன.

தோட்டப்புறத்து முதியோர் பேச்சை அக்காலத்தில் நான் பதிந்து, இருபத்திரண்டு கோப்புகளாகத் தட்டச்சு செய்திருந்தேன். பின்னாளில் ஒரு கல்வி நிறுவனம் தன் சேமிப்பைப் பகிர்ந்தமைந்த முறைமைக்கு மாற்றியபோது அவையும் உடன் சென்றன. எல்லாம் பிழையின்றிச் சேர்ந்தன என்று அறிக்கை வந்தது, அது உண்மையே. திறந்து பார்த்தால் உரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. எந்த எழுத்துரு என்பதை வட்டின் மேலொட்டிய தாளில் எழுதியிருந்தேன். வட்டின் உள்ளே இருந்தவை பெயர்ந்தன. மேலே இருந்தது குப்பைக்குப் போயிற்று. பெயர்த்தவரைக் குறை கூறேன். அத்தாளையும் தரவென்று எண்ணாதவன் நானே.

பின் மொழியியலே கைகொடுத்தது. எந்தக் குறி மிகுதியாக வருகிறது, எது சொல்லின் முதலில் வருவதே இல்லை, எவை ஈற்றில் நிற்கின்றன என்று எண்ணினேன். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஈற்றில் நிற்கும் மெய்களும் சிலவே. இவ்வரம்புகளைப் பற்றிக்கொண்டு பதினான்கு மாதங்களில் பத்தொன்பது கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றினேன். மாணவர்க்கு இதனை ஒரு பயிற்சியாகவே தரலாம். முதலெழுத்து, ஈற்றெழுத்து விதிகள் தேர்வுக்கு மட்டும் உரியன அல்ல என்பது விளங்கும்.

எஞ்சிய மூன்றும் வேறு எழுத்துருக்களில் அமைந்தவை. எண்ணிப் பார்க்கப் போதாத அளவு சிறியவை. அவற்றில் பேசிய முதியோருள் இன்று எவரும் இல்லை. கோப்புகளோ ஒவ்வொன்றும் மும்மூன்று படிகளாக, பைட்டு ஒன்றும் பிசகாமல், வெவ்வேறு கணினிகளில் இருக்கின்றன.