குதிரையெருவும் குத்தகை உரிமையும்

மோட்டார் வண்டி தோன்றுமுன் ஐரோப்பிய நகரங்களின் போக்குவரத்துக் குதிரையையே நம்பியிருந்தது. இலாயங்களில் நாள்தோறும் குவிந்த இலத்தியும் வைக்கோலும் நகரத்தாருக்குத் தொல்லை. அயலிலிருந்த உழவருக்கோ செல்வம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்செல்வத்தைப் பிரான்சும் இங்கிலாந்தும் பயன்படுத்திய முறைகள் பெரிதும் வேறுபட்டன. அவ்வேறுபாட்டை ஆராயுமிடத்து, எருவூட்டிய மண் யாருக்கு உரியது என்னும் வினாவும் உடனெழுகின்றது.

குதிரை அசைபோடும் விலங்கன்று. ஆதலின் அதன் இலத்தியிற் செரியாத நார் மிகுதி, நீர் குறைவு. வைக்கோலுடன் கலந்து குவித்தால், காற்று உட்புகுந்து நுண்ணுயிர் பெருகி, சில நாள்களிற் குவியல் கைவைக்க இயலாதவாறு சூடேறும். வெப்பநாட்டவராகிய நமக்கு எருவின் சூடு பயிரைக் கருக்கும் பகை. குளிர்நாட்டவனுக்கோ அது விறகு.

இவ்வுண்மையை முற்றாகப் பயன்கொண்டோர் பாரிசு நகரத்துக் காய்கறித் தோட்டக்காரரே. நகர்ப்பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அவர்கள் கையில் இருந்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் தொன் இலாய எரு அங்கு சென்றது. எருவைத் தடித்த பாத்தியாக அடுக்கி, அதன்மேல் உக்கிய மண்ணைப் பரப்பி, கண்ணாடிச் சட்டங்களாலும் மணிவடிவான கண்ணாடிக் கவிகைகளாலும் மூடிக் கடுங்குளிரிலும் சலாது, முள்ளங்கி, கரட் என்பவற்றை விளைவித்தனர். சூடு தணிந்தபின் அவ்வெருவே உக்கிக் கரிய மண்ணாயிற்று. பொன்சு என்பவரின் 2.7 ஏக்கர்த் தோட்டத்தில் ஆண்டுதோறும் 250 கன யார் மண்ணை விற்றுத் தீர்க்கவேண்டியிருந்ததென இரசிய அறிஞர் குரொப்பொற்கின் எழுதியுள்ளார். விற்காவிடின் தோட்டத்தின் மட்டமே உயர்ந்துவிடும்!

இங்கிலாந்தில் நிலைமை வேறு. எசெக்சு, கெந்து ஆகிய பகுதிகளிலிருந்து உலர்புல்லும் வைக்கோலும் ஏற்றித் தேம்சு ஆற்றின் வழியே இலண்டனுக்கு வந்த பாய்ப்படகுகள், திரும்புங்கால் எருவை ஏற்றிச் சென்றன. அவ்வெரு வயல்களிற் பரப்பி உழப்பட்டது. சூடு காற்றோடு போயிற்று. உரம் மட்டுமே பயன்பட்டது. செல்வர் மாளிகைத் தோட்டங்களிற் சூட்டுப்பாத்திகள் இல்லாமலில்லை. ஆயினும் நிலக்கரி மலிந்த நாட்டில், வெந்நீர்க் குழாய்களாற் கண்ணாடி வீட்டைச் சூடேற்றுவது எளிதாயிருந்தது.

இனி உரிமையைக் காண்போம். பாரிசுத் தோட்டக்காரன் குத்தகை முடிந்து வெளியேறுங்கால், குறித்த ஆழம்வரை தன் மண்ணை அள்ளிச் செல்ல ஒப்பந்தத்தில் இடம் வைத்துக்கொண்டான் என்றும் குரொப்பொற்கின் கூறுகிறார். ஆங்கிலேயக் குத்தகைக்காரன் இட்ட எருவோ நிலக்கிழாரின் நிலத்திலேயே தங்கிற்று. சில மாவட்ட வழக்காறுகள் அவனுக்கு ஈடு வழங்கின. ஏனைய இடங்களில் அவன் வெறுங்கையனாகவே வெளியேறினான். 1875 ஆம் ஆண்டுச் சட்டம் ஈட்டுரிமையை ஏற்றதெனினும் ஒப்பந்தத்தால் அதனைத் தவிர்க்க வழிவிட்டது. 1883 ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வழியை அடைத்தது. இழப்பு அற்பமன்று. உரொதாம்சுதெட் ஆராய்ச்சி நிலையத்தில், 1852 முதல் 1871 வரை மட்டும் தொழுவெரு பெற்ற பார்லி நிலத்துண்டு, நூறாண்டு கழிந்தபின்னும் எருவே பெறாத அயற்றுண்டினும் வளமுடையதாயிருந்தது. அவ்வளவு நீண்ட பயனைக் குத்தகைக்காரன் எவ்வாறு அள்ளிச் செல்வான்?

1905 இல் ஈவ்சாம் ஊர்த் தோட்டக்காரர் சிலர் பாரிசுக்குச் சென்று அம்முறையை நேரிற் கண்டனர். அதன்பின் 'பிரெஞ்சுத் தோட்டம்' என்னும் பெயரில் இங்கிலாந்திலும் அது தலைகாட்டிற்று. காலமோ பிந்திவிட்டது. இலண்டனின் மிகப் பெரிய பஸ் கம்பனி 1911 இல் தன் இறுதிக் குதிரைப் பஸ்ஸை நிறுத்திற்று. பாரிசில் 1913 சனவரியில் இறுதிக் குதிரைப் பஸ் ஓடிற்று. குதிரைகள் அருக, பாத்திகளுக்கு வேண்டிய எருவும் அருகிற்று.