கள்ளுக்கடை மூடிய சேலம்



1937ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இரவு, சேலம் மாவட்டத்துக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. மறுநாள், அக்டோபர் 1ஆம் தேதி, அவை திறக்கவில்லை. இந்தியாவில் ஒரு மாவட்டம் முழுவதும் சட்டத்தின் வழியாக மது நிறுத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. மாம்பழத்துக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் நம் ஊரைச் சொல்வார்கள். இதற்கும் ஒரு காலத்தில் சொன்னார்கள் என்பது இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் சேர்த்துக் கொண்ட பெரிய மாவட்டம். நம் சேலம் மறைமாவட்டத்துக்கு அப்போது ஏழு வயதுதான்.

ஏன் சேலம்? அந்த ஆண்டு ஜூலையில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான இராஜாஜி இந்த மண்ணின் மனிதர். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். நகராட்சித் தலைவராகவும் பணியாற்றியவர். 1925இல் திருச்செங்கோடு வட்டத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, நெசவாளர் வீடுகளுக்கும் சேரிகளுக்கும் நடந்து போய், கூலிப்பணம் எந்த வாசலில் போய்ச் சேருகிறது என்று கண்ணால் பார்த்தவர். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்றொரு பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். அதற்குத் துணையாக வந்து உழைத்தவர் எழுத்தாளர் கல்கி.

அதற்கும் முன்பே சேலத்தில் ஒரு சம்பவம் உண்டு. கள்ளுக்கடை மறியல் நடந்த 1921இல், ஈ.வெ.ரா. பெரியார் சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். கடவுள் நம்பிக்கையில் அவருக்கும் நமக்கும் வெகுதூரம். ஆனாலும், தன் தோப்பிலிருந்து ஒரு சொட்டுக் கள்ளும் இறங்கக்கூடாது என்று சொந்தப் பொருளை இழந்த மனிதரை நாம் மதிக்காமல் இருக்க முடியாது. தவக்காலத்தில் ஒரு வேளை இறைச்சியை விடுவதற்கே கணக்குப் பார்க்கிறவர்கள் நம்மிடையே உண்டல்லவா!

இராஜாஜி இழந்தது அரசின் பணம். மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கலால் வரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டால் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் எங்கே போவது என்று அன்றும் கேட்டார்கள். இன்று நாம் கேட்கும் அதே கேள்விதான், ஒரு எழுத்தும் மாறவில்லை. 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939இல் வட ஆர்க்காட்டுக்கும் மதுவிலக்கு விரிந்தது. போன வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டு வந்தார்கள். பின்பு போர் வந்தது, அமைச்சரவை விலகியது, ஆளுநர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டுக் கடைகள் திரும்பவும் திறந்தன. கடைக்குப் பதிலாக வந்த வரி மட்டும் போகவில்லை! 2017இல் ஜி.எஸ்.டி. வரும்வரை அதைக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

ஆனால் நாம் இன்று நின்று பார்க்க விரும்புவது அந்த முதல் மாதங்களைத்தான். கடை மூடிய வீட்டில் என்ன நடந்தது? இதை வெறும் மேடைப் பேச்சாக விடாமல் ஆராய்ந்து எழுதியவர் ஒரு கத்தோலிக்கர். கேரளத்தைச் சேர்ந்த பேராசிரியர் பி.ஜே. தாமஸ், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறைத் தலைவர். பிற்காலத்தில் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டவர்களில் ஒருவர். சேலத்தில் மதுவிலக்கின் முதல் ஆண்டு விளைவுகளை அவர் தலைமையில் ஆராய்ந்தார்கள். குடித்துக்கொண்டிருந்த கூலிக் குடும்பங்களில் பணம் எங்கே போகிறது என்பதே ஆய்வின் கேள்வி. சாப்பாட்டுக்குக் கூடுதலாகப் போனது, துணிக்குப் போனது, கடனில் கொஞ்சம் அடைபட்டது, வீட்டில் சண்டை குறைந்தது. மாவட்ட ஆட்சியர் டிக்ஸன் என்ற ஆங்கிலேயரும் இதில் மனம் வைத்து உழைத்தார். கடையை மூடினால் மட்டும் போதாது, மாலைப்பொழுதுக்கு வேறு ஏதாவது வேண்டும் என்று விளையாட்டு, பஜனை, கூத்து என ஊர்தோறும் ஏற்பாடு செய்தார்கள். குடியை விட்டவருக்குக் கைதான் முதலில் சும்மா இருக்கும், பிறகுதான் மனம். இதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் தொடக்கத்தில் வந்தது. கடை மூடிச் சரியாக ஒரு மாதம். தலைமுறை தலைமுறையாகப் பண்டிகையென்றால் குடியென்று பழகிய சேரிகளில், சட்டப்படி கள் இல்லாத முதல் தீபாவளி. அந்த ஒரு நாளில் எத்தனை பெண்கள் பயமில்லாமல் அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் உண்மை பேசியவர்கள் ஆகமாட்டோம். மரமேறி கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்கு ஒரே இரவில் தொழில் போனது. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சலாம் என்று வழிகாட்டினார்கள். எல்லாருக்கும் அது சோறு போடவில்லை. கள்ளச்சாராயமும் பின்னாலேயே வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டு வந்தார்கள். சட்டம் கடையின் கதவைப் பூட்டும். வீட்டுக்குள் இருக்கிற மனிதனுக்கு அதனிடம் சாவி இல்லை.

1948 அக்டோபரில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்ததும், 1971இல் அது விலக்கப்பட்டதும், பின்பு மூடித் திறந்து மூடியதும், 1983இல் டாஸ்மாக் தொடங்கியதும், 2003இல் சில்லறை விற்பனையையே அரசு எடுத்துக்கொண்டதும் நேயர்கள் அறிந்த கதை. அதில் ஓர் ஆண்டை மட்டும் நினைவூட்டுவோம். 2020இல் ஊரடங்கு வந்து, மார்ச் 24 மாலையிலிருந்து மே 7 வரை கடைகள் பூட்டிக் கிடந்தன. நாற்பது நாளுக்கு மேல்! யாரும் நேர்ந்துகொள்ளாத ஒரு தவக்காலம் நம் மாநிலம் முழுவதற்கும் வாய்த்தது. எத்தனையோ பேர், 'என்னால் ஒரு நாளும் முடியாது' என்றவர்கள், இருந்தார்கள். மே 7 அன்று கடை வாசலில் வரிசையும் நின்றது. இரண்டும் உண்மை.

நம் இந்து சகோதரர்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டு நாற்பத்தொரு நாள் குடியைத் தொடாமல் இருப்பதைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். நம் பங்கு மக்களில் சிலர் சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு விழா வரை விடுகிறார்கள். மலைக்குப் போய் வந்த மறுநாள், அல்லது உயிர்ப்பு ஞாயிறு மதியம், திரும்பவும் ஆரம்பிக்கிறார்களே, இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நாம் அப்படிக் கேட்பதில்லை. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் திராட்சை இரசத்தைத் தந்தார். திருப்பலியிலும் அதையே பயன்படுத்துகிறோம். திருச்சபை மதுவைச் சபிக்கவில்லை. அளவுமீறலைத்தான் பாவம் என்கிறது, தன்னடக்கத்தை நான்கு தலையாய நற்பண்புகளில் ஒன்றாக வைக்கிறது. ஒரு மாதம் விட்டுப் பார்க்கிறவர் தம் அளவு எது என்பதை அறிந்துகொள்கிறார். நினைத்தால் விட்டுவிடுவேன் என்று சொல்லி வந்தது உண்மையா என்பது இரண்டாவது வாரத்திலேயே அவருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் மாட் தால்பட் என்றொரு கூலித்தொழிலாளி. பன்னிரண்டு வயதிலிருந்து குடித்தவர். 1884இல் ஒரு நாள் கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றார். எத்தனையோ நாள் தாம் வாங்கிக் கொடுத்த நண்பர்கள் யாரும் ஒரு கோப்பை வாங்கித் தரவில்லை. வீட்டுக்குத் திரும்பியவர் குருவானவரிடம் போய் வாக்குக் கொடுத்தார். ஆயுளுக்கும் அல்ல, மூன்று மாதத்துக்கு மட்டும். அது முடிந்ததும் ஆறு மாதத்துக்கு. அதற்குப் பிறகுதான் வாழ்நாள் முழுவதுக்கும். 1925இல் திருப்பலிக்குப் போகும் வழியில் இறக்கும்வரை, நாற்பத்தொரு ஆண்டுகள் அவர் குடிக்கவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகம் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் முறையில் நிறுத்த வேண்டும். 14446 என்ற இலவச எண்ணில் அழைத்தால் எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று சொல்வார்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல.

மற்றவர்கள், ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்தில் இருப்பவர்கள், வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்குப் பணியாளர் இல்லத்துக்கு வாருங்கள். ஒரு தாளில் பெயரும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் நீங்களே எழுதினால் போதும், ஒரு மாதமானாலும் சரி. மனைவியையோ அம்மாவையோ அனுப்பாமல் நீங்களே வாருங்கள்.